தீக்காயத்தில் முட்டை பூசலாமா, சாப்பிடலாமா? சிவகாசி வட்டாரம் தெரிஞ்சுக்க வேண்டிய புரதக் கணக்கு!

பட்டாசு ஆலை விபத்துன்னா நம் காதில் விழுவது மூன்று எண்கள்தான். எத்தனை பேர் பலி, எத்தனை பேர் காயம், எவ்வளவு நிவாரணம். அதில் 'காயம்' என்ற எண்ணுக்குள் இருப்பவர்களின் கதை அன்றைய செய்தியோடு முடிவதில்லை. ஆஸ்பத்திரியில் சில வாரங்கள், வீட்டில் பல மாதங்கள் என நீள்கிறது. அந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பாத்திரம் இருக்கு. அதன் பெயர் புரதம்.

தீ பட்டால் தோலில் கெட்டுப்போவது புரதம். அந்தத் தோல் மறுபடி வளரத் தேவைப்படுவதும் புரதம். பிளஸ் டூ புத்தகத்தில் மார்க்குக்காக மனப்பாடம் செய்த 'அமினோ அமிலங்களின் வகைப்பாடு' பாடம், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பகுதிகளில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

ஏன் இப்போது இந்த விளக்கம்?

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 30க்கும் மேற்பட்டோர் பலி. உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்தவர்களும் அதில் சிக்கினார்கள். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சங்குளம். 20க்கும் மேற்பட்டோர் பலி. 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2024 மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1ல் சின்னக்காமன்பட்டி. விருதுநகர் மாவட்டத்தில் ஊர் பெயர் மாறுகிறது, செய்தி மாறவில்லை. மருந்து கலக்கும்போது உராய்வு, வெடிப்பு, தீ என்பதே பெரும்பாலும் காரணமாகச் சொல்லப்படுகிறது.

விபத்தைத் தடுப்பது முதல் வேலை. அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் விபத்து நடந்த பிறகு உயிர் பிழைத்தவருக்கு என்ன நடக்கும் என்பதில் இரண்டு கட்டங்கள் பெரிய பங்கு வகிக்கின்றன. ஒன்று, முதல் 20 நிமிடம். இன்னொன்று, அடுத்து வரும் மாதங்களில் அவர் தட்டில் விழும் சாப்பாடு. இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே அறிவியல்தான்.

புரதம்னா என்ன? அமினோ அமிலம்னா என்ன?

சிம்பிளா சொன்னா, சரவெடியை நினைச்சுக்கோங்க. ஒவ்வொரு வெடியும் தனித்தனி. அவற்றைத் திரியில் வரிசையாகக் கோத்தால் அது சரம். அமினோ அமிலம் ஒரு வெடி என்றால், புரதம் முழுச் சரம். இரண்டு அமினோ அமிலங்களை இணைக்கும் கண்ணிக்குப் பெயர் பெப்டைடு பிணைப்பு. ஒவ்வொரு பிணைப்பு உருவாகும்போதும் ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறும்.

நம் உடம்பு புரதம் செய்யப் பயன்படுத்தும் அடிப்படை அமினோ அமிலங்கள் 20. தமிழில் உயிரும் மெய்யும் சேர்ந்து 30 எழுத்து, அதிலிருந்து லட்சக்கணக்கான சொற்கள். அதே மாதிரி 20 அமினோ அமிலங்களை வெவ்வேறு வரிசையில் கோத்து, தோல், முடி, தசை, ரத்தம் என எல்லாவற்றுக்கும் வேண்டிய ஆயிரக்கணக்கான புரதங்களை உடம்பு செய்துகொள்கிறது.

இந்தக் கோக்கும் வேலை நடக்கும் 'பட்டறை'க்குப் பெயர் ரைபோசோம். அதன் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன்.

20 அமினோ அமிலங்களை எப்படிப் பிரிக்கிறார்கள்?

எல்லா அமினோ அமிலத்துக்கும் நடுவில் ஒரு கார்பன் அணு. அதன் ஒரு பக்கம் அமினோ தொகுதி, இன்னொரு பக்கம் கார்பாக்சில் என்ற அமிலத் தொகுதி, கூடவே ஒரு ஹைட்ரஜன். நான்காவதாக ஒட்டியிருக்கும் பக்கச் சங்கிலிதான் ஆளுக்கு ஆள் மாறும். அதன் குணத்தை வைத்து நான்கு கூட்டமாகப் பிரிக்கலாம்.

• தண்ணீரை வெறுப்பவை: லியூசின், ஐசோலியூசின், வேலின், அலனின், ஃபினைல் அலனின், மெத்தியோனின் போன்றவை. எண்ணெய் மாதிரி. தண்ணீரைக் கண்டால் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.
• தண்ணீரை விரும்புபவை, ஆனால் மின்னூட்டம் இல்லாதவை: செரின், திரியோனின், அஸ்பராஜின், குளுட்டமைன் போன்றவை.
• நேர் மின்னூட்டம் கொண்டவை: லைசின், ஆர்ஜினின், ஹிஸ்டிடின். இவை காரத்தன்மை உள்ளவை.
• எதிர் மின்னூட்டம் கொண்டவை: அஸ்பார்டிக் அமிலம், குளுட்டமிக் அமிலம்.

இதில் சிஸ்டைன் என்ற அமினோ அமிலம் சிவகாசிக்குக் கொஞ்சம் சொந்தக்காரன். பட்டாசு மருந்தில் இருக்கும் அதே கந்தகம் இதன் பக்கச் சங்கிலியிலும் இருக்கு. இரண்டு சிஸ்டைன்கள் கந்தகத்தால் கைகோத்தால் புரதத்துக்குள் ஒரு பலமான பாலம் உருவாகும். முடியிலும் நகத்திலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தில் இந்தப் பாலங்கள் ஏராளம். முடி பொசுங்கும்போது வரும் அந்த நாற்றத்தில் கந்தகத்தின் பங்கும் உண்டு.

சரம் எப்படி உருவம் ஆகுது? நான்கு நிலைகள்

கோத்த சரம் நீளமாகக் கிடந்தால் எந்தப் பயனும் இல்லை. அது சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். அந்த மடிப்பை நான்கு நிலைகளாகச் சொல்வார்கள்.

முதல்நிலை: எந்த அமினோ அமிலத்துக்குப் பிறகு எது என்ற வரிசை. முட்டை வெள்ளைக்கருவின் முக்கியப் புரதமான ஓவல்புமினில் 385 அமினோ அமிலங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன.

இரண்டாம்நிலை: அந்தச் சரம் ஆங்காங்கே ஸ்பிரிங் போல முறுக்கிக்கொள்ளும், அல்லது விசிறி மடிப்புப் போல மடியும். முதலாவது ஆல்ஃபா சுருள், இரண்டாவது பீட்டா தாள். இவற்றைப் பிடித்து வைப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. தனியாகப் பார்த்தால் பலவீனமான பிணைப்புதான், கூட்டமாக இருப்பதால் தாங்குகிறது.

மூன்றாம்நிலை: முழுச் சரமும் சுருண்டு ஒரு குறிப்பிட்ட உருவம் எடுப்பது. தண்ணீரை வெறுப்பவை உள்ளே போகும், விரும்புபவை வெளியே நிற்கும். மேலே பார்த்த வகைப்பாடு இங்கேதான் பலன் தருது.

நான்காம்நிலை: இப்படி மடிந்த பல சரங்கள் ஒன்றுசேர்ந்து இயங்குவது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் நான்கு சரங்களின் கூட்டணி.

அமினோ அமில வரிசையை மட்டும் வைத்து இந்த உருவத்தைக் கணிப்பது பல பத்தாண்டுகளாக விஞ்ஞானிகளைத் திணறடித்த கேள்வி. செயற்கை நுண்ணறிவு மூலம் அதைச் சாதித்த டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும், புதிய புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கும் 2024 வேதியியல் நோபல் கிடைத்தது.

நம் தோலின் ரகசியம் சென்னையில் அவிழ்ந்தது

தோலின் உலர் எடையில் ஏறத்தாழ 70 சதவீதம் கொலாஜன் என்ற புரதம். தோலுக்கு உறுதி கொடுப்பது அதுதான். இந்தக் கொலாஜனின் உருவத்தைக் கண்டுபிடித்ததில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு.

எர்ணாகுளத்தில் 1922ல் பிறந்த ஜி.என்.ராமச்சந்திரன், 1952ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு வந்தார். பக்கத்திலேயே அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். அங்கிருந்து கொலாஜன் மாதிரிகளை வாங்கி எக்ஸ்ரே மூலம் ஆராய்ந்தார். 1954ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் கொலாஜனின் உருவத்தை முன்மொழிந்தார். அடுத்த ஆண்டே அதை மேலும் திருத்தி வெளியிட்டார். மூன்று சரங்கள் ஒன்றோடொன்று கயிறு போல முறுக்கிக்கொள்ளும் 'மும்மைச் சுருள்' அது.

இந்தக் கயிறு எப்படி இவ்வளவு இறுக்கமாக முறுக்குது? ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்கு. 20 பேரில் அதுதான் மிகச் சிறியது. மூன்று சரங்களும் நெருங்கும் நடுப்பகுதியில் வேறு எதற்கும் இடம் கிடையாது.

1963ல் அவரும் சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோரும் வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்' உலகப் புகழ் பெற்றது. அமினோ அமிலங்களின் இணைப்புகள் கதவுக் கீல் மாதிரி திரும்பும். ஆனால் எல்லாக் கோணத்திலும் திரும்ப முடியாது, அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கும். எந்தக் கோணம் சாத்தியம், எது சாத்தியமில்லை என்று காட்டும் வரைபடம் அது. புதிதாகக் கண்டறியும் புரத உருவங்களைச் சரிபார்க்க இன்றும் உலகம் முழுக்க அதைப் பயன்படுத்துகிறார்கள்.

தீ பட்டால் புரதத்துக்கு என்ன ஆகும்?

முட்டையைத் தோசைக்கல்லில் உடைத்து ஊற்றும்போது என்ன நடக்கிறது? தெளிவாக வழுவழுவென இருந்த வெள்ளைக்கரு, கெட்டியான வெள்ளையாக மாறுகிறது. சூட்டில் ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுந்து, மடிப்பு அவிழ்ந்து, அவிழ்ந்த சரங்கள் கண்டபடி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் 'இயல்பிழத்தல்'. அமினோ அமில வரிசை அப்படியேதான் இருக்கும். உருவம் போய்விடும், உருவம் போனால் வேலையும் போச்சு. ஆம்லெட்டை ஆறவைத்தால் மறுபடி பச்சை முட்டை ஆகாது.

தீக்காயத்தில் தோலுக்கு நடப்பதும் இதேதான். அதற்குப் பெரிய சூடு தேவையில்லை. 44 டிகிரி செல்சியஸில் தோல் வெந்துபோக சுமார் 6 மணி நேரம் ஆகும். அதுவே 60 டிகிரி என்றால் சுமார் 5 விநாடி போதும். 1947ல் அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வு இது. கம்பி மத்தாப்பின் நுனியே 1,000 டிகிரியைத் தொடக்கூடியது என்றால், மருந்து அறையில் எழும் தீப்பிழம்பு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தீக்காயத்தை மூன்று வட்டமாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார் பிரிட்டிஷ் மருத்துவர் ஜாக்சன். நடு வட்டத்தில் புரதம் முழுதாகக் கெட்டிப்பட்டுவிட்டது, அதைக் காப்பாற்ற முடியாது. வெளி வட்டம் வெறும் சிவப்பு, தானே ஆறிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வட்டம்தான் முக்கியம். அங்கே ரத்த ஓட்டம் குறைந்து, செல்கள் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும். உடனே குளிர்வித்துச் சரியான சிகிச்சை கொடுத்தால் பிழைக்கும். தாமதமானால் அதுவும் நடு வட்டத்தோடு சேர்ந்துவிடும்.

அடுப்பை அணைத்த பிறகும் கல்லின் சூட்டில் முட்டை வேகும். அதே மாதிரி தீ அணைந்த பிறகும் தோலுக்குள் தங்கிய சூடு வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் முதல் 20 நிமிடத்துக்கு இவ்வளவு மதிப்பு.

அப்போ முட்டை வெள்ளைக்கரு பூசலாமா?

கூடாது. 'முட்டையில் புரதம் இருக்கு, தோலும் புரதம், பூசினால் ஒட்டிக்கும்' என்ற எண்ணம் பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் வெளியே பூசும் புரதம் தோலின் கொலாஜனாக மாறாது. அது குடலில் செரித்து, தனித்தனி அமினோ அமிலமாகப் பிரிந்து, ரத்தத்தில் கலந்தால்தான் உடம்பு அதை எடுத்துத் தனக்கு வேண்டிய சரத்தைக் கோக்க முடியும். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கவும் வாய்ப்பு உண்டு. தோல் என்ற காவலே இல்லாத புண்ணில் அதைப் பூசுவது ஆபத்து.

பற்பசை, பேனா மை, மாவு, மஞ்சள், எண்ணெய், வெண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். இவை சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும், புண்ணின் ஆழத்தை டாக்டர் பார்க்க முடியாமலும் செய்துவிடும்.

என்ன செய்யணும்?

• முதலில் தீயிலிருந்து விலகுங்கள். உடையில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது. கீழே படுத்து உருள வேண்டும்.
• உடம்பில் மருந்துத் தூள் ஒட்டியிருந்தால் முதலில் தட்டி உதறிவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றவும்.
• சாதாரணக் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் காயத்தின் மேல் ஓடவிடவும். ஐஸ் வேண்டாம். 'தண்ணி ஊத்தினா கொப்புளம் வந்துடும்' என்பது தவறான நம்பிக்கை. கொப்புளத்துக்குக் காரணம் சூடு.
• காயம் பெரிதாக இருந்தால், முக்கியமாகக் குழந்தை என்றால், உடம்பு நடுங்கும் அளவுக்குக் குளிர்விக்கக் கூடாது. மற்ற பகுதிகளைப் போர்த்திவிடுங்கள்.
• மோதிரம், வளையல், கொலுசு, அரைஞாண் ஆகியவற்றை உடனே கழற்றவும். வீக்கம் வந்தால் கழற்ற முடியாது.
• தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, 108ஐ அழைக்கவும்.
• வலி இல்லைன்னு அலட்சியம் வேண்டாம். ஆழமான காயத்தில் நரம்பு நுனிகளும் வெந்துவிடும், அதனால்தான் வலி தெரியாது.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்குது?

சிவகாசி, சாத்தூர் அரசு மருத்துவமனைகளில் முதல் சிகிச்சை, நிலைமை மோசமானால் மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனை. பெரும்பாலான விபத்துச் செய்திகளில் வரும் பாதை இது. மாவட்டத்துக்குள்ளேயே விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது.

பெரிய தீக்காயம் பட்டவரின் முகமும் உடம்பும் சில மணி நேரத்தில் வீங்குவதைப் பார்த்துக் குடும்பத்தினர் பதறுவார்கள். அதுவும் புரதக் கதைதான். ரத்தத்தில் தண்ணீரைப் பிடித்து வைப்பது அல்புமின் என்ற புரதம். தீக்காயத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பிக்கும். தண்ணீரும் அல்புமினும் வெளியேறித் திசுக்களில் தேங்கும். உடம்பு வீங்கும், ரத்த அழுத்தம் விழும். முதல் நாளில் பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் மாதிரி ஏற்றுவது இதைச் சமாளிக்கத்தான். அது பெரும்பாலும் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புத் திரவமாக இருக்கும்.

அடுத்தது இன்னும் பெரிய பிரச்னை. உடம்பு எமர்ஜென்சி மோடுக்குப் போய், தன் சொந்தத் தசையை உடைத்து அமினோ அமிலம் எடுக்கத் தொடங்கும். காயம் ஆற, கிருமியோடு சண்டை போட, எல்லாவற்றுக்கும் அதுதான் மூலப்பொருள். காயம் மூடிய பிறகும் இந்தத் தசைச் சேதாரம் ஓராண்டுக்கு மேல் நீடிக்கலாம். தீக்காயம் பட்டவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வருவதற்குக் காரணம் இது.

கணக்கு என்ன?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020 பரிந்துரைப்படி, ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு தினமும் 0.83 கிராம் புரதம். 50 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 42 கிராம். கடுமையான தீக்காயத்தில் அது கிலோவுக்கு 1.5 முதல் 2 கிராம் வரை உயரும். அதாவது 75 முதல் 100 கிராம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

எந்தப் புரதம்? இங்கே இரண்டாவது வகைப்பாடு

பக்கச் சங்கிலியை வைத்துப் பிரிப்பது வேதியியல். தட்டை வைத்துப் பிரிப்பது ஊட்டச்சத்து.

• அத்தியாவசியமானவை 9: ஹிஸ்டிடின், ஐசோலியூசின், லியூசின், லைசின், மெத்தியோனின், ஃபினைல் அலனின், திரியோனின், டிரிப்டோபன், வேலின். உடம்பால் இவற்றைத் தயாரிக்க முடியாது. சாப்பாட்டில்தான் வரணும்.
• மற்றவை 11: உடம்பே தயாரித்துக்கொள்ளும். ஆனால் இவற்றில் ஆர்ஜினின், குளுட்டமைன் போன்ற சில, தீக்காயம் மாதிரியான நெருக்கடியில் பற்றாக்குறை ஆகும். இவை 'சூழ்நிலையால் அத்தியாவசியமானவை'.

முட்டை, பால், மீன், இறைச்சியில் 9 அத்தியாவசிய அமிலங்களும் போதிய அளவில் உண்டு. அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் லைசின் தாராளம், மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். பருப்புச் சாதமும் அரிசி உளுந்து இட்லியும் நம்மூர் செய்துவைத்த அமினோ அமிலக் கணக்கு. பருப்பு வியாபாரத்துக்குப் பெயர் போன விருதுநகரில் இது கிடைக்காத பொருள் இல்லை.

அதே ஊரின் எண்ணெய் புரோட்டா? மாவு ரப்பர் மாதிரி இழுபடக் காரணம் குளூட்டன் என்ற புரதம்தான். ஆனால் கோதுமைப் புரதத்தில் லைசின் குறைவு. சால்னாவோடு நின்றால் போதாது, கூட ஒரு முட்டை இருந்தால் கணக்கு சரியாகும்.

கூடுதலாகத் தேவைப்படும் புரதத்துக்கு ஒரு தோராயக் கணக்கு: 3 முட்டையில் சுமார் 18 கிராம், 50 கிராம் பருப்பில் சுமார் 11, அரை லிட்டர் பாலில் சுமார் 16, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் சுமார் 7. மொத்தம் 52 கிராம். கொலாஜன் உருவாக வைட்டமின் சியும் வேண்டும் என்பதால் நெல்லிக்காய், கொய்யாவும் சேரட்டும். சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. டாக்டரிடம் கேட்டே ஆகணும்.

விலை அதிகமான பவுடர்கள் தேவையா? கடுமையான தீக்காயம் பட்ட சுமார் 1,200 பேரில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் குளுட்டமைனைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த பன்னாட்டு ஆய்வு 2022ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. அவர்கள் சீக்கிரம் டிஸ்சார்ஜ் ஆகவில்லை, உயிரிழப்பும் குறையவில்லை. பவுடருக்குக் கடன் வாங்குவதைவிட முட்டையும் பருப்பும் தவறாமல் கிடைப்பது முக்கியம்.

பிரச்னை அறிவியலில் இல்லை, வருமானத்தில்

இங்கேதான் கணக்கு இடிக்குது. புரதத் தேவை இரண்டு மடங்காகும் அதே நாட்களில் வீட்டு வருமானம் சரிகிறது. பீஸ் ரேட்டுக்கு வேலை பார்த்தவர் படுத்துவிட்டார். அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரும் வேலைக்குப் போக முடியாது. ஆலைக்குச் சீல் வைத்தால் அக்கம்பக்கத்துக்கும் வேலை இல்லை. கடன் கேட்கக்கூட ஆள் இருக்காது. முதலில் வெட்டு விழுவது பாலிலும் முட்டையிலும்தான்.

காயம் ஆறும்போது புதிய கொலாஜன் ஒழுங்கில்லாமல் குவிந்து தழும்பு இறுகும். விரல் மூட்டு மடங்காது. திரி கட்டுவதும் பேப்பர் சுருட்டுவதும் விரல் வேலை. அதனால் பிசியோதெரபிக்கு வாராவாரம் போகணும், பஸ் செலவு வேற. நிவாரணத் தொகை ஒரு தடவை வரும். புரதம் தினமும் தேவை.

இந்த மாநிலத்துக்கு இது தெரியாத விஷயம் இல்லை. பசியோடு இருக்கும் குழந்தைக்குப் பள்ளியில் சோறு போட்ட காமராஜர் பிறந்தது இதே விருதுநகரில். சத்துணவில் 1989ல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்த முட்டை, 2010ல் வாரத்துக்கு 5 ஆனது. குழந்தைகளுக்குத் தினம் ஒரு முட்டையைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு கிராமம் கிராமமாக ஏற்கெனவே இருக்கு. அதே அங்கன்வாடி, சத்துணவு மையம் வழியாக, டிஸ்சார்ஜ் ஆன தீக்காய நோயாளிக்கும் ஓராண்டு முட்டையும் பருப்பும் கொடுப்பதற்குப் புதிய கட்டமைப்பு எதுவும் தேவையில்லை. ஒரு உத்தரவு போதும்.

சுருக்கமாக

• தீக்காயம் என்பது தோல் புரதத்தின் உருவம் குலைவது. குலைந்தது திரும்பாது.
• 20 நிமிடம் ஓடும் தண்ணீர், காப்பாற்றக்கூடிய தோலைக் காப்பாற்றும்.
• முட்டை பூசுவதற்கு அல்ல, சாப்பிடுவதற்கு.
• கடுமையான தீக்காயத்தில் புரதத் தேவை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அரிசியோடு பருப்பு, கூடவே முட்டை, பால், கடலை.
• டிஸ்சார்ஜ் ஆனதும் சிகிச்சை முடிந்துவிடாது. சாப்பாடும் விரல் பயிற்சியும் மாதக்கணக்கில் தொடரணும்.